கடிக்க ஒன்று, காபிக்கு ஒன்று: சேலம் வீட்டுக்கு எந்த ஐஸ் மெஷின்?

மாசி முடிந்தாலே சேலத்தில் ஃப்ரீசர் கதவுக்கு ஓய்வு கிடையாது. ட்ரேயில் ஊற்றிய தண்ணீர் உறைவதற்குள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவார்கள். அந்த நேரத்தில், பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில், ‘பத்து நிமிஷத்தில் ஐஸ்’ என்று ஒரு மெஷின் விளம்பரத்தில் வந்தால் கை தானாக அங்கே போகத்தான் செய்யும். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு வேறு ஆசை: அங்கே தின்ற, மொறுக்கென்று கடிபட்டாலும் பல்லுக்கு நோகாத ஐஸ். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கோ உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத பெரிய கட்டி மேல் கண்.

மூன்றும் ஐஸ்தான். ஆனால் மூன்றுக்கும் மெஷின் வேறு, ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது. ‘எந்த கம்பெனி நல்லது?’ என்று ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த ஐஸ் எங்கே போகப்போகிறது, வாய்க்கா, நன்னாரி சர்பத்துக்கா, காபிக்கா என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டுத் தண்ணீர். விற்கிறவர்கள் அதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

முதலில் ஃப்ரிட்ஜில் இருக்கும் ட்ரேயின் கணக்கைப் பார்த்துவிடலாம். சாதாரண ட்ரே ஒன்றில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஐஸ் கிடைக்கும். ஒரு டம்ளர் சர்பத்துக்கு ஐந்தாறு கட்டி, அதாவது நூறு கிராம் போட்டால் தாராளம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்கு 400 கிராம். இரண்டு ட்ரேயைக் காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை தட்டி, மூடி போட்ட டப்பாவில் கொட்டி ஃப்ரீசரிலேயே வைத்துவந்தால் நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் இரண்டு நாள் முன்பே சேர்க்க ஆரம்பித்தால் போதும். பெரும்பாலான வீடுகளில் குறைவது ஐஸ் இல்லை, தட்டி நிரப்பி வைக்க ஒரு ஆள்தான்.

ட்ரே ஐஸுக்கு இன்னொரு பலமும் உண்டு. அது மைனஸ் 18 டிகிரி வரைக்கும் குளிர்ந்து, உலர்ந்து இருக்கும். மெஷின் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில், மேலே ஈரத்தோடு வந்து விழும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கிறது. மைனஸ் 18-லிருந்து பூஜ்ஜியத்துக்கு ஏறவே ஃப்ரீசர் ஐஸ் இன்னும் 38 கிலோஜூல் இழுத்துவிடும். பத்தில் ஒரு பங்கு கூடுதல் குளிர்ச்சி, அதுவும் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல். மெஷின் ஐஸ் போட்ட ஜூஸ் ‘என்னமோ சப்பென்று இருக்கே’ என்று தோன்றினால் காரணம் இதுதான்.

ட்ரேயின் குறைகளும் ஊரறிந்தவைதான். மீன் வைத்த ஃப்ரீசரில் ஐஸும் மீன் வாசம் அடிக்கும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் என்றால் பனி மண்டிப்போய், ட்ரே ஒட்டிக்கொண்டு, கத்தியை விட்டு நெம்ப வேண்டியிருக்கும். தயவுசெய்து நெம்பாதீர்கள், உள்ளே ஓடும் கேஸ் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு ஃப்ரிட்ஜே போச்சு. முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், மூடி வைத்த சிலிக்கான் ட்ரே இந்த இரண்டு தொல்லைக்கும் முக்கால்வாசி தீர்வு.

பத்து நிமிஷ மெஷின்

கடைகளில் ‘போர்ட்டபிள் ஐஸ் மேக்கர்’ என்று விற்பது பெரும்பாலும் புல்லட் ஐஸ் மெஷின். மூடிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாலே அதன் வேலை புரிந்துவிடும். ஒன்பது உலோகக் குச்சிகள் வரிசையாகத் தலைகீழாக நிற்கும். அடியில் ஒரு சின்னத் தொட்டி நிமிர்ந்து வரும், பம்பு அதில் தண்ணீர் நிரப்பும், குச்சிகள் முங்கும். குச்சிக்குள் குளிர்வாயு ஓடுவதால் அதைச் சுற்றி ஐஸ் படிந்து தடிக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு நிமிஷத்துக்குள் தொட்டி சாய்ந்து மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடும். இப்போது குச்சிக்குள் சூடான வாயு ஓடும். ஒட்டியிருந்த ஐஸ் வழுக்கிக்கொண்டு டொக் டொக்கென்று விழும். ஒரு தகடு வந்து அதைக் கூடைக்குள் தள்ளும். தோட்டா வடிவம், நடுவில் ஓட்டை. முதல் இரண்டு சுற்றில் வருவது மெலிசாக, சொத்தையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மெஷின் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம்.

வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கிறது. குழந்தைகள் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தக் கூடைக்குக் குளிர்ச்சி கிடையாது. விழுந்த ஐஸ் அங்கேயே உருகி, தண்ணீராகக் கீழே இறங்கி, மறுபடி பம்பு வழியாக ஏறி ஐஸ் ஆகும். கூடை நிறைந்ததும் சென்சார் நிறுத்திவிடும். உருகியதும் மறுபடி ஓடும். இது ஐஸ் செய்கிற மெஷின், சேர்த்து வைக்கிற மெஷின் இல்லை. சேர்த்து வைக்க ஃப்ரீசருக்குத்தான் போக வேண்டும். அதையும் ஈரத்தோடு அள்ளிப் போட்டால் மறுநாள் ஒரே பாறையாக ஒட்டிக்கிடக்கும். சல்லடையில் கொட்டி ஈரம் வடித்து, ஒரு தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் டப்பாவில் போட வேண்டும். கடைசியில் ட்ரேக்குச் செய்த அதே வேலை இதற்கும் வந்து சேரும்.

அட்டைப்பெட்டி மேல் ‘24 மணி நேரத்தில் 12 கிலோ’ என்று போட்டிருக்கும். அது மிதமான அறை வெப்பத்தில், குளிர்ந்த தண்ணீரில் எடுத்த கணக்கு. மே மாதம் மதியம் அம்மாப்பேட்டையில் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். 15 டிகிரித் தண்ணீரை ஐஸாக்குவதைவிட 35 டிகிரித் தண்ணீரை ஐஸாக்க ஐந்தில் ஒரு பங்கு அதிக வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். தள்ளும் வெப்பம் எங்கே போகும்? உங்கள் சமையலறைக்குள்ளேதான். அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி வைத்தால் மெஷின் தான் விட்ட சூட்டுக் காற்றையே மறுபடி இழுத்துக்கொண்டு திணறும். பக்கவாட்டில் ஒரு சாணாவது இடம் விட வேண்டும். மண்பானையில் ஊறிய தண்ணீரை எடுத்து ஊற்றினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பானை காசில்லாமல் கொஞ்சம் வேலையைச் செய்து வைத்திருக்கிறது.

கரண்ட் செலவைப் பெரிதாக நினைக்க வேண்டாம். 120 வாட் மெஷின் மணிக்கு அரைக் கிலோ போட்டால், கிலோவுக்குக் கால் யூனிட். வெயில் காலத்தில் அது 0.3 யூனிட் ஆகலாம். நாளுக்கு இரண்டு கிலோ எடுத்தாலும் இரண்டு மாத ரீடிங்கில் 36 யூனிட்தான் கூடும். ஏற்கெனவே ஏசி ஓட்டி 500 யூனிட்டை உரசிக்கொண்டிருக்கிற வீடு மட்டும் யோசிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். அந்த 36 யூனிட் அப்போது வலிக்கும்.

தண்ணீர்

சேலம் வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் மேட்டூரிலிருந்து வரும் நல்ல தண்ணீர், முறை வைத்து வரும். இன்னொன்றில் போர் தண்ணீர், எப்போதும் வரும். ஊருக்கு வடக்கே சுண்ணாம்புக்கரட்டில் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கல் என்பது மக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். தண்ணீரின் கடினத்தன்மைக்குக் காரணமே மெக்னீசியமும் கால்சியமும்தான். போர் தண்ணீர் காய்ச்சின பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ஐஸ் மெஷினின் பம்பிலும் குழாயிலும் படியும்.

ஐஸ் மெஷினில் இது வேகமாக நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது உப்பைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளும். தோட்டா வடிவில் நல்ல தண்ணீர் உறைந்து போய்விட, தள்ளிய உப்பெல்லாம் கீழ்த் தொட்டியில் தங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் தொட்டித் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். தீரத் தீர மேலே ஊற்றிக்கொண்டே இருக்கிறவர்களின் மெஷின்தான் முதலில் நிற்கும். அன்றன்றைக்கு அடி மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் உப்போடு பாசியும் சேர்ந்து வழவழவென்று ஆகிவிடும். ஐஸில் ஒரு ஊசல் வாசம் வரும். எங்கள் தெருவில் மெஷின் ரிப்பேருக்கு வந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மெஷின்ல ஒண்ணுமே இல்லீங்கண்ணா, தண்ணிய மாத்துங்க, போதும்.”

கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றினால் இந்தப் பிரச்சினை பெருமளவு குறையும். மாதம் ஒரு தடவை சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவது, ஒரு லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் கலந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசினால் படிவு கரையும். அப்புறம் வரும் முதல் கூடை ஐஸைக் கொட்டிவிடுங்கள். வினிகரும் வேலை செய்யும், வாசம் போகத்தான் நாளாகும்.

இந்தத் தண்ணீர் விவகாரம் புல்லட் மெஷினில் சின்னத் தொல்லை. அடுத்து வரும் மெஷினில் அது உயிர்ப் பிரச்சினை.

கடித்துத் தின்னும் ஐஸ்

அமெரிக்காவில் தின்ற அந்த ஐஸுக்குப் பெயர் நக்கெட் ஐஸ். அது உண்மையில் சுரண்டி எடுத்த ஐஸ். ஒரு உலோக உருளையின் உள்சுவரில் ஐஸ் மெல்லிசாகப் படியும். நடுவில் சுற்றும் திருகு அதைச் சுரண்டி மேலே தள்ளும். அங்கே சின்ன ஓட்டைகளுக்குள் நெருக்கி அழுத்தி, சேவு பிழிகிற மாதிரி வெளியே வந்து துண்டு துண்டாக உடையும். அதனால் அதற்குள் நுண்ணிய காற்று இடைவெளிகள் இருக்கும். பல்லில் வைத்தால் நொறுங்கும். சர்பத்தில் போட்டால் சர்பத்தைக் குடித்துக்கொள்ளும். சர்பத் தீர்ந்த பிறகும் டம்ளரில் கிடக்கும் ஐஸ் இனிப்பாக இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்கள் இதன் மேல் பைத்தியமாகத் திரிவது இதற்காகத்தான்.

ஸ்காட்ஸ்மன் என்ற அமெரிக்க கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த மெஷின் இது. ஆஸ்பத்திரிகளிலும் சோனிக் என்ற ஹோட்டல் சங்கிலியிலும் பிரபலமாகி, வெகுநாள் கடைகளோடு நின்றிருந்தது. வீட்டு மேடைமேல் வைக்கிற அளவுக்கு அது இறங்கியது 2015-ல். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஃபர்ஸ்ட்பில்ட் பிரிவு ‘ஓப்பல்’ என்ற மெஷினுக்கு இணையத்தில் முன்பணம் கேட்டபோது 27 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. ஐஸ் கடிக்க இத்தனை பேர் காசோடு காத்திருந்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சரி, அதை சேலத்துக்குக் கொண்டுவரலாமா? அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லியனுப்பி, சூட்கேஸில் வாங்கி வருகிற யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அறுபதுக்காகச் செய்த கம்ப்ரஸர் ஐம்பதில் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். அதே 120 வோல்ட் கொடுத்தால் மோட்டார் அளவுக்கு மேல் சூடாகும். கொஞ்ச நாள் ஓடும், அதை நம்பித்தான் பலரும் வாங்குகிறார்கள். நின்ற பிறகு வாரண்டியும் கிடையாது, பாகமும் கிடையாது.

இங்கேயே 230 வோல்ட்டுக்குச் செய்தது கிடைத்தால் அது வேறு பேச்சு. அப்போதும் அந்தத் திருகை மறக்காதீர்கள். உருளைக்கும் திருகுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. அங்கே உப்புப் படிந்தால் ஐஸ் சரியாகச் சுரண்டப்படாமல் மெஷின் கிறீச் கிறீச்சென்று கத்த ஆரம்பிக்கும். அதற்கப்புறமும் ஓட்டினால் மோட்டார் பல்சக்கரம் போகும். போர் தண்ணீர் மட்டும் உள்ள வீட்டில் நக்கெட் மெஷின் வேண்டாம் என்பது என் முடிவு. ஆர்.ஓ. தண்ணீரை விடாமல் ஊற்றுகிற பொறுமை இருந்தால் வாங்கலாம். விலை புல்லட் மெஷினைப்போல மூன்று நாலு மடங்கு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசைக்கு மலிவான வழியும் இருக்கிறது. ட்ரே ஐஸைச் சுத்தமான துணியில் முடிந்து, அம்மிக் குழவியால் நாலு தட்டுத் தட்டினால் சர்பத்துக்கு அருமையாக இருக்கும். நக்கெட் அளவுக்கு மென்மை வராது. ஆனால் நன்னாரிக்கு எது போட்டாலும் தகும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாராவது ஓயாமல் ஐஸைக் கடித்துக்கொண்டே இருந்தால், மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவுள்ளவர்களுக்கு ஐஸ் தின்னும் வெறி வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அறிகுறி. இரும்பு மாத்திரை எடுத்த சில நாளிலேயே அந்த ஆசை அடங்கிப்போவதும் உண்டு. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் மெஷின் காசு முழுக்க வீண். கடினமான ட்ரே ஐஸைக் கடித்தே பழகினால் பல்லில் கீறல் விழும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தெளிந்த கட்டி

ஏற்காட்டுக் காபியை டிகாக்‌ஷன் போட்டோ, கரகரப்பாக அரைத்து ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தோ ஐஸ் காபியாகக் குடிக்கிறவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு ஐஸும் உதவாது. இரண்டும் சீக்கிரம் உருகி காபியை நீர்த்துப்போக வைக்கும். எடைக்குத் தகுந்த மேற்பரப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு மெதுவாக உருகும்; ஆகவே ஒரே பெரிய கட்டி வேண்டும். அது தெளிவாகவும் இருந்தால் நடுவில் காற்றுக்குமிழி இருக்காது, சட்டென்று பிளக்காது. பார்க்கவும் அழகு.

ட்ரே ஐஸின் நடுவில் ஏன் வெள்ளை? ட்ரேயில் தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் உறைகிறது. கரைந்திருக்கும் காற்றும் உப்பும் ஓட இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. இரண்டு தடவை காய்ச்சி ஊற்றினால் தெளிந்துவிடும் என்பார்கள், பெரிதாகப் பலன் கிடையாது. ஒரே பக்கமிருந்து உறையவைத்தால்தான் தெளியும். அமெரிக்காவில் கேம்பர் இங்கிலீஷ் என்ற எழுத்தாளர் 2009-ல் இதை ஒரு சாதாரண பிக்னிக் ஐஸ் பெட்டியை வைத்துக் காட்டினார். மூடியில்லாத பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தார். மேல்பக்கம் மட்டும் குளிர் படும், ஐஸ் மேலிருந்து கீழே இறங்கும், அழுக்கும் காற்றும் அடிக்குப் போகும். ஐஸ் பேக்டரியில் உப்புத் தண்ணீரில் முங்கிய தகரக் குடுவைகளுக்குள் காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டே உறையவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அங்கே கட்டியின் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு மிச்சமிருக்கும்.

இதற்கு மெஷினே தேவையில்லை. இட்லி, சப்பாத்தி சூடு ஆறாமல் வைக்கும் ஹாட்பேக் எல்லா வீட்டிலும் உண்டு. சின்னதாக ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, முக்கால் பாகம் கேன் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பாதிக்கு மேல் உறைந்ததும், அடியில் இன்னும் தண்ணீர் ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். ஹாட்பேக்கின் அளவைப் பொறுத்து இது ஒரு ராத்திரியிலிருந்து முழு ஒரு நாள் வரை ஆகும். முழுக்க உறையவிட்டால் உள்பாத்திரம் புடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஐஸாகும்போது ஒன்பது சதவீதம் பெருக்கிறது, அந்த வேகத்தை எவர்சில்வர் தாங்காது. எடுத்த கட்டியைக் கவிழ்த்து மேடையில் வையுங்கள். முதலில் மேலே வெண்மையாகப் பனி பூத்திருக்கும். கால்மணி நேரத்தில் அது மறைந்து கட்டி பளிச்சென்று ஆகும். அதுவரை கத்தி படக் கூடாது, பட்டால் தாறுமாறாக வெடிக்கும். தெளிந்த பிறகு ரொட்டி வெட்டும் பல் கத்தியால் மேலே ஒரு கோடு அறுத்து, கத்தி முதுகில் மரக் கரண்டியால் மெதுவாகத் தட்டினால் கோடு போட்ட மாதிரியே பிளந்துவிடும். அடிப்பக்கம் கலங்கலாக இருக்கும் துண்டுகளை மோருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதே தத்துவத்தில் செய்த உருண்டை அச்சுகளும் கடைகளில் வருகின்றன, நாலு உருண்டைக்கு ஆயிரத்துச் சொச்சம். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சிங்கிள் டோர் ஃப்ரீசரின் உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், பல அச்சுகள் நிற்கவே நிற்காது.

மலைமேல் வேறு கணக்கு

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் என் மாமாவுக்கு இந்தப் பட்டியலையெல்லாம் சொன்னபோது, “மாப்ளே, எனக்குச் சனி ஞாயிறு ரெண்டு நாள்தான் ஐஸ் வேணும். மத்த நாள்ல இங்க வெந்நீருக்குத்தான் அடிபிடி” என்றார். நியாயம்தான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெயில் காலத்திலும் காற்று இதம். அதே புல்லட் மெஷின் அங்கே சேலத்தைவிடச் சுறுசுறுப்பாக ஐஸ் போடும். சிக்கல் கரண்டில்தான். காற்றடித்து ஒரு சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழுந்தால் மணிக்கணக்கில் இருட்டு. வோல்டேஜும் ஏறி இறங்கும். மெஷின் வைத்தால் ஸ்டெபிலைசரும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஓட்டல்காரர்கள் வைக்கும், மேடைக்கடியில் நிற்கும் க்யூப் மெஷின்மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது. ஹோஷிசாகி மாதிரியான மெஷின்களில் குளிர்ந்த அச்சுகள் கவிழ்ந்த நிலையில் இருக்கும், கீழிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீர் உறைவதால் கட்டி தெளிவாக வரும். அதில் ஐஸ் தொட்டியைச் சுற்றி இன்சுலேஷனும் உண்டு. ஆனால் தனிக் குழாய் இணைப்பு வேண்டும், கழிவுநீர் போக வழி வேண்டும், கடினத் தண்ணீர் என்றால் ஃபில்டரும் வேண்டும். சில மாடல்களில், தண்ணீர் பட்டால் கரண்ட் கடக்கும் என்ற கணக்கில் சென்சார் வைத்திருப்பார்கள். அதில் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரை விட்டால் சென்சாருக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது. வாரம் ஐந்து நாள் சும்மா நிற்கப்போகிற மெஷினுக்கு இத்தனை ஏற்பாடு அதிகம்.

நான் அவருக்குச் சொன்னது ஒரு பெரிய ஐஸ் பெட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிவாரத்துக்கு வரும் வண்டியில், சேலத்தில் பாக்கெட் போட்ட ஐஸ் க்யூப் வாங்கிப் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தாலும் உருகுவது கொஞ்சம்தான். நல்ல பெட்டி என்றால் ஞாயிறு மதியம் வரை தாங்கும். பாக்கெட்டில் உணவு உரிம எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மீனுக்குப் போடும் பார் ஐஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, உடைத்து டம்ளரில் போடக் கூடாது. சாப்பிடும் ஐஸையும் மற்ற ஐஸையும் பிரித்துக்காட்ட, சாப்பிடக் கூடாததில் லேசான நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வழிகாட்டியது. ரோட்டோரக் கரும்புச்சாறு கடையில் ஐஸ் நீலமாகத் தெரிந்தால் ‘ஐஸ் வேண்டாண்ணா’ என்று சொல்லிவிடுவது நல்லது.

மாமா ஐஸ் பெட்டியோடு நின்றுவிட்டார். ஆனால் காபிக்கு ஹாட்பேக் கட்டி அவருக்குப் பிடித்துப்போய், இரண்டு ஹாட்பேக்கை அதற்கென்றே ஒதுக்கிவிட்டார். அத்தைக்குத்தான் சப்பாத்தி வைக்கப் பாத்திரமில்லை என்று கோபம்.

ஐஸ் போடும் வசதி உள்ளடங்கிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எப்படியும் ஃப்ரிட்ஜ் மாற்றப்போகிறீர்கள், வீட்டில் இடமும் இருக்கிறது என்றால் வாங்கலாம். ஐஸுக்காக மட்டும் அதை வாங்குவது வேண்டாத செலவு.

சேலத்தில் நாலைந்து பேர் உள்ள வீடு, நல்ல ஃப்ரீசர் இருக்கிறது என்றால் மூடி வைத்த இரண்டு ட்ரேயும் ஒரு டப்பாவும் போதும் என்பேன். கூட்டுக் குடும்பம், வருவோர் போவோர் அதிகம், பிள்ளைகளுக்கு லீவு, ஃப்ரீசரில் இடமே இல்லை என்றால் புல்லட் மெஷின் காசுக்குத் தகும், கேன் தண்ணீர் ஊற்றி தினமும் வடிக்க ஒரு ஆள் இருந்தால். பிள்ளைகளுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் முதல் வாரம் போட்டி போட்டுச் செய்வார்கள். நக்கெட், ஆசைக்கு வாங்குவது. ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை, தண்ணீர் மட்டும் சரியாக இருக்கட்டும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. ஆடி பிறந்து மழை எட்டிப் பார்த்ததும், ஒரு கோடை மட்டும் ஓடிய புல்லட் மெஷின்கள் பாதி விலைக்கு விற்பனைக்கு வந்துவிடும். போய்ப் பார்க்கும்போது தண்ணீர் ஊற்றி, மூன்று சுற்று ஐஸ் விழும்வரை அங்கேயே நில்லுங்கள். பம்பு தண்ணீரை ஏற்றுகிறதா, மூன்றாம் சுற்றில் ஐஸ் தடிமனாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு டார்ச் அடித்து அந்த ஒன்பது குச்சிகளையும் பாருங்கள். வெள்ளைப் படிவு என்றால் எலுமிச்சை உப்பில் போய்விடும், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். மேல்பூச்சு உரிந்து உள் உலோகம் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிவிட்டால், ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவராமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் ஸ்விட்ச் போடாமல் ஒரு ராத்திரி அப்படியே விட்டால் கம்ப்ரஸர் எண்ணெய் இறங்கிவிடும், காலையில் போடலாம்.